துடுப்பு கை மாறாத சாயங்காலம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் மூத்திரம் வரும். வியர்வை, நடுக்கம், சாமி பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வீர்கள். எனக்கு அந்தச் சலுகை இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. அது தொடங்கிய இடம்கூட நினைவிருக்கிறது: சீவலப்பேரியில் கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் போட்ட நாடகக் கொட்டகை, இடப்பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால், இரண்டு தகர டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில்.

எங்கள் வீட்டில் மூன்று பேரும் மேடைக்காரர்கள். அப்பா ராஜபார்ட். அம்மா ஸ்திரீபார்ட். நான் பாலபார்ட், அதாவது எந்தச் சின்னப் பையன் வேஷமாக இருந்தாலும் என் தலையில்தான் விழும். எந்த ஊருக்குப் போனாலும் கேட்பது ஒரே நாடகம்: ஓடக்காரி. நம் பக்கத்தில் அதைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனாலும் மறந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் வெள்ளம். ராஜா மாறுவேஷத்தில் கரைக்கு வருகிறார். ஓடக்காரி ஏற்ற மறுக்கிறாள். இருவருக்கும் பாட்டிலேயே தர்க்கம் நடக்கிறது. அவர் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல, இப்படியே விடியவிடிய. கடைசியில் ராஜா ஒரு கேள்வி கேட்பார்: "கரையே இல்லாத ஆறு எது?" அவளுக்குப் பதில் தெரியாது. தலையைக் குனிந்து துடுப்பை அவர் கையில் கொடுப்பாள். "ஆசைதான் அந்த ஆறு" என்று ராஜா பாடுவார். கல்யாணம்.

துடுப்பு கை மாறுகிற அந்த நொடிதான் நான் மேடைக்குள் நுழைய அடையாளம். நான் ஓடக்காரியின் தம்பி. இடப்பக்கத்திலிருந்து ஓடிவந்து, "அக்கா, வெள்ளம் வருது!" என்று கத்த வேண்டும். ராஜா துடுப்போடு முன்னால் நிற்க, அம்மா பின்னால் நிற்க, மூங்கில் சட்டத்தில் துணி சுற்றிய ஓடத்தை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்தே ஆற்றைக் கடப்போம். என் முழு வேஷமும் இவ்வளவுதான். இதற்காக விடியவிடிய விழித்திருப்பேன்.

அந்தத் துடுப்பு வேப்பமரத்தில் செய்தது. தட்டையான முனையில் பொன்நிறத் தாள் ஒட்டியிருக்கும். அம்மா பிடித்துப் பிடித்து, நடுவில் ஒரு சாண் அளவுக்கு மரம் கறுத்து வழுவழுவென்று இருக்கும். வேர்வையும் அரிதாரமும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. அப்பா பிடிக்கிற இடத்தில் அந்தக் கறுப்பு கிடையாது. அவர் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தானே பிடிப்பார்? இதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது கண்ணுக்குள் தெரிகிறது.

ஒரு கொடையில், ஏரலில், மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. டேப் ரிக்கார்டரில் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். போகும்போது அப்பாவின் கையைக் குலுக்கி, "பிரமாதம்" என்றார்கள். அதிலிருந்து அப்பா மாதம் தவறாமல் முடி வெட்டிக்கொண்டார். தந்தி எப்போது வந்தாலும் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? தந்தி வரவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் டவுன் சுவர்களில் போஸ்டர்தான் வந்தது. எங்கள் கதை, எங்கள் ஓடம். துடுப்போடு நின்றவர் மட்டும் வேறு ஆள். நெஞ்சில் சட்டை இல்லை.

அப்பா சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் மரத்துப்போனது.

"படம் ஓடிச்சுன்னா நம்மள எவன் கூப்பிடுவான்?" என்றார், யாரிடம் என்றில்லாமல். கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, "ஓடலேன்னா அதவிட மோசம். சினிமாவுலயே சலிச்சுப்போன கதைன்னுருவான்."

அன்று சாயங்காலமே தெருப் பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டு, "சாமி, படம் ஓடணும். ஆனா ஓடக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு மனுவை வைத்துக்கொண்டு பிள்ளையார் என்ன செய்வார், பாவம்.

முதல் நாள் மேட்னிக்கே போய்விட்டோம். அப்பா, அம்மா, நான், எங்கள் ஆர்மோனியக்காரர், மேலப்பாளையத்திலிருந்து தையல்கார பாய். எங்கள் ராஜா உடுப்பெல்லாம் அந்த பாய் தைத்ததுதான். தியேட்டரில் பாதிக்கு மேல் நாடகம் பார்த்துப் பழகிய சனம். முதல் பாட்டு வந்ததும் எல்லோரும் கூடவே பாடினார்கள். சினிமாவில் பாட்டு இரண்டாவது அடியோடு நின்றுவிட்டது. சனம் மூன்றாவது அடிக்குப் போய்விட்டிருந்தது. திரையில் யாரோ வசனம் பேச, இருட்டில் நூறு குரல் பக்கவாத்தியமில்லாமல் பாடி, வெட்கப்பட்டு, ஒவ்வொன்றாக அடங்கியது. அப்பா மட்டும் உதட்டுக்குள் பாட்டை முழுக்க முடித்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தார்.

கடைசிக் காட்சி. ராஜா கேட்கிறார்: "கரையே இல்லாத ஆறு எது?" ஓடக்காரி பேசவில்லை. குனியவுமில்லை. துடுப்பைக் கொடுக்கவுமில்லை. ஓடத்தைக் காட்டி, "ஏறுங்கள்" என்கிறாள். அவர் ஏறி உட்கார, அவளே துழாவிக்கொண்டு போகிறாள். திரையில் 'வணக்கம்'.

ஆண்கள் பக்கத்தில் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. முதலில் ஒன்று, பிறகு ஒரு கொத்து.

வெளியே டீக்கடையில் விமர்சனம் தொடங்கியது. ஆர்மோனியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாட்டையெல்லாம் கொன்னுட்டான் வே. ஒரு பாட்டு கெளம்பி வாய்க்காத் தாண்டதுக்குள்ள அத்துவிட்டுருதான். ராகம் மூச்சுவிட வேண்டாமா?"

பாய்க்குப் பாட்டைப் பற்றிக் கவலையில்லை. "யா அல்லா, பாட்ட விடும். ராசா ஒடம்புல துணியில்ல, கவனிச்சேரா? நாட்ட ஆளுத மனுசன் வெறும் மேலோட வாரான். அந்தப் படத்துல தையக்காரனுக்கு வேலையே இல்ல."

"முடிவப் பாத்தேரா?" என்றார் அப்பா. "ராசாவ ஏத்திட்டுப் போறா. ஆட்டுக்குட்டிய ஏத்துத மாதிரி."

அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகை படத்தைக் கிழித்து எழுதியது. நாடகத்தின் உயிரை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் படம்பிடித்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். மதிப்பெண்ணும் குறைவு. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சலூன், சைக்கிள் கடை, வாய்க்கால் பாலம் என்று போகிற இடமெல்லாம் வாசித்தார். மனப்பாடமான பிறகும் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் படம் தியேட்டரை விட்டுப் போகவில்லை. பெண்கள் வரிசை மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. அந்த வரிசையில் எங்கள் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்களோடு இன்னொரு தடவை போனாள். அப்புறமும் போனாள்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, அம்மகூட நீதான போற. அவ எப்பம்லே கை தட்டுதா?"

"கடைசிலப்பா."

"கடைசிலன்னா? அந்தப் பய தண்ணிக்குள்ளேருந்து நனைஞ்சு வெளிய வாரானே, அங்கனயா?"

"அதுக்குப் பொறவுதான்னு நெனைக்கேன்."

உளவுத் துறையில் இதைவிடத் தெளிவற்ற அறிக்கை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அப்பா கொல்லையில் தண்டால் எடுக்கத் தொடங்கினார். மீசைக்கு விளக்கெண்ணெய். பாயிடம் போய், ராஜா உடுப்பில் கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொன்னார். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஒமக்கு என்ன வே ஆச்சு?" என்று கேட்டார். நானும் நம்பினேன், அம்மா அந்தச் சட்டையில்லாத ஆளைப் பார்க்கத்தான் போகிறாள் என்று. ராத்திரி படுத்தால், அம்மா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ரயிலில் ஏறுவது போலக் கனவு வரும். எழுந்து, அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாளா என்று தடவிப் பார்ப்பேன்.

உண்மையான விமர்சனத்தை நான் கேட்டது குழாயடியில். குடங்களுக்கு நடுவே நின்று அம்மா பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா, "துடுப்பக் குடுக்கவே இல்ல பாத்தியளா மதினி! என்ன ஒரு தெம்பு!" என்று சிலிர்த்தாள்.

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "குடுக்கல, சரி. பதில் சொன்னாளா? வாயடச்சுப்போயில்லா நின்னா. எழுதுனவனுக்கே பதில் தெரியல. தெரிஞ்சா சொல்ல வச்சிருப்பாம்லா?"

படத்தைப் பற்றி நெல்லைச் சீமையில் எழுதியதிலும் பேசியதிலும் இதுதான் கூர்மையானது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு, பம்பரத்துக்குச் சாட்டை தேடப் போய்விட்டேன்.

சித்திரையில் சீவலப்பேரிக் கொடை. வருஷா வருஷம் எங்களைக் கூப்பிடும் ஊர் அது. அந்த ஊர் கூப்பிட்டால்தான் ஆற்றோரத்து மற்ற ஊர்களும் கூப்பிடும். இந்தத் தடவை கமிட்டித் தலைவரே வீட்டுக்கு வந்தார். அப்பா, "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காராமலே பேசினார்.

"ஊர்ல எளவட்டமெல்லாம் வீடியோ டெக்கும் டிவியும் எடுத்து அந்தப் படத்தப் போட்டுருவம்ங்கானுவ. நான்தான் இந்த ஒரு வருசம் பொறுங்கலேன்னு சொல்லிவச்சிருக்கேன். ஆனா விடியவிடியல்லாம் முடியாது, ஆமா. பொழுதடைய ஆரம்பிச்சு ஒம்பதுக்குச் சாமிக்குத் தீவாராதன. அதுக்குள்ள முடிக்கணும். சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா அடுத்த வருசம் டெக்குதான். என்னக் கொற சொல்லப்பிடாது."

"முடிச்சிரலாம் அண்ணாச்சி."

"இன்னொண்ணு. சுருக்கம் மட்டும் படத்த மாதிரி இருந்தாப் போதும். முடிவு நம்ம முடிவு. எங்க ஊரு மேடையில ராசா தோக்கப்பிடாது."

"தோத்துருவனா?" என்றார் அப்பா, மீசையைத் தொட்டுக்கொண்டு.

அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாச்சி மோரைக் குடித்துவிட்டு, நல்ல மோர் என்றார்.

கொடையன்று சாயங்காலம் கொட்டகையில் அப்பா என்னைப் படுதாவின் ஓட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரே ஒரு வேலை: கூட்டத்தில் யாராவது எழுந்தால் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனிடம் குடும்பத்தின் பிழைப்பை ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும்? உச்சி முதல் உள்ளங்கால்வரை கண்ணாகிவிட்டேன். எவனாவது தொடையைச் சொறிந்தால் என் ஒரு கால் அப்பாவை நோக்கித் திரும்பியது. ஒரு கிழவர் துண்டை உதறினார். போச்சு என்று நினைத்தேன். தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்வரிசை நடுவில் அண்ணாச்சி, கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு.

சுருக்கிய நாடகம் நன்றாகத்தான் போனது. ஆர்மோனியக்காரர் மனசேயில்லாமல் பாட்டுகளைக் குறைத்து வாசித்தார். தர்க்கம் தொடங்கியது. எட்டரை மணி வாக்கில் அப்பா கடைசிக் கேள்விக்கு வந்தார். குரலைத் தூக்கி, கையை விரித்து, இறக்கித் தைத்த கழுத்துக்குள்ளிருந்து நெஞ்சை நிமிர்த்திப் பாடினார்:

"கரையே இல்லாத ஆறு எது, ஓடக்காரி?"

நான் ஓட்டையை விட்டுவிட்டு ஓடத் தயாரானேன். ஒரு கால் முன்னால். துடுப்பு மட்டும் கை மாற வேண்டும்.

மாறவில்லை.

அம்மா தலையைக் குனியவில்லை. துடுப்பைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்மோனியம் இழுத்துக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். தோற்பதற்கு மறந்துவிட்டாள்! எனக்கு அடிவயிறு முட்டியது. படுதாவுக்குள்ளிருந்து, நல்ல எண்ணத்தோடுதான், எடுத்துக்கொடுத்தேன்:

"எம்மா, துடுப்பக் குடும்மா!"

மேடையில் தொங்கிக்கொண்டிருந்த மைக் நாணயமானது. என் குரலை ஊர் எல்லைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பு அடங்கக் காத்திருந்து, அப்பா பாடிய அதே மெட்டில் பாடினாள்:

"உம்ம பேச்சுதான் ராசா அந்த ஆறு. தொடங்கின இடமும் தெரியல, முடிகிற இடமும் தெரியல!"

பெண்கள் பக்கம் வெடித்தது. ஆண்கள் பக்கத்திலும் எவனோ விசில் அடித்தான். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். வரிசை வரிசையாக எழுந்துகொண்டிருந்தார்கள்.

எழுந்துவிட்டார்கள்! எல்லாம் முடிந்தது, டெக்கு வந்துவிட்டது, நாளைக்கு நாங்கள் தட்டேந்த வேண்டியதுதான் என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் போகவில்லை. கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து மேடையை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

அப்பா சும்மா விடுகிற ஆளா? அடுத்த கேள்வி கேட்டார்.

"ஆறு பெரிதா, ஓடம் பெரிதா?"

"ஏறும்வரை ஆறு பெரிது. ஏறிவிட்டால் ஓடக்காரி பெரிது!"

இன்னொன்று. அதற்கும் பதில். வேறு நாடகத்திலிருந்து ஒரு கேள்வியைத் திருடிக் கேட்டார். ஆர்மோனியக்காரர் நெற்றியைச் சுளித்தார். அதற்கும் பதில் வந்தது. அப்பாவின் அரிதாரம் வேர்வையில் கரைந்து, ஒரு பக்கத்து மீசை மை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் ஒன்பதை நெருங்கியது. பூசாரி தீபாராதனைத் தட்டோடு பந்தலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்பாவிடம் கேள்வி தீர்ந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. மெட்டு மட்டும் வாயில் இருக்கிறது, சொல் இல்லை. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு வெறும் பேச்சாகக் கேட்டார், ராஜா மாதிரி இல்லாமல், எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்பது மாதிரி:

"என்னை எதுக்கு இப்படி நிறுத்தி வைக்க?"

அம்மாவும் பாடவில்லை. "நிக்கிற எடம் எப்படி இருக்கு ராசா? நான் தெனமும் நிக்கிற எடந்தான்."

ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். அப்பா நின்றார். அம்மா நின்றாள். இருவருக்கும் நடுவில் துடுப்பு.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கலைக்காக அல்ல, குடும்பத்துக்காகவும் அல்ல. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் என் வேட்டி மானத்தை வாங்கிவிடும். அடையாளமாவது மண்ணாவது என்று மேடைக்குள் பாய்ந்து கத்தினேன்:

"அக்கா, வெள்ளம் வருது!"

என் வாழ்க்கையில் இத்தனை உண்மையாக ஒரு வசனத்தையும் நான் பேசியதில்லை.

அம்மா சட்டென்று ஓடத்துக்குள் கால் வைத்து, முன்னால் போய் நின்றுகொண்டாள். "கேட்டேரா ராசா? வெள்ளம் வருதாம். ஏறும் வே!"

ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற 'வே'யைப் போட்டுப் புருஷனைக் கூப்பிட்ட ஸ்திரீபார்ட்டை அந்த ஊர் அன்றுதான் முதலில் பார்த்தது. சிரிப்பு கொட்டகையைத் தூக்கியது. அப்பா அசையவில்லை. போய்விடுவார் என்று நினைத்தேன். வலப்பக்கம் இறங்கி, ராஜா வேஷத்தோடே டவுன் பஸ் ஏறிப் போய்விடுவார். அவர் அம்மாவைப் பார்த்தார். கீழே ஓடத்தைப் பார்த்தார். பிறகு, பட்டு உடுப்பை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, நிஜமான தண்ணீருக்குள் கால் வைப்பது போலப் பைய ஒரு காலை எடுத்து ஓடத்துக்குள் வைத்தார்.

மூவரும் ஓடத்தைத் தூக்கிப் பிடித்து ஆற்றைக் கடந்தோம். முன்னால் துடுப்போடு அம்மா. பின்னால் அப்பா. நடுவில், தொடையை இறுக்கிக்கொண்டு, நான்.

நான் தென்னைமரத்தடிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அண்ணாச்சி படுதாவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தீபாராதனை தாமதமாகத்தான் நடந்தது. அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. அம்மா மூலையில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு சோடா குடித்தார்.

"ராசா தோக்கப்பிடாதுன்னு சொன்னேன்லா வே" என்றார் அண்ணாச்சி.

அப்பா இன்னொரு மிடறு குடித்தார்.

அண்ணாச்சி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். கட்டி முடித்தும் போகவில்லை. "சரி, கெடக்கட்டும். இப்பம் எனக்கு மட்டும் சொல்லும். அடுத்த வருசம் யாரு செயிக்கா?"

அப்பா சோடாக் குப்பியைக் கீழே வைத்தார். "அத அவகிட்டல்லா கேக்கணும் அண்ணாச்சி. நான் பின்னால ஏறிட்டு வந்தவன்."

அண்ணாச்சி அம்மா பக்கம் திரும்பினார். அம்மா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

"அவியள நல்ல கேள்வியாக் கேக்கச் சொல்லுங்க. பதில் தெரியலன்னா துடுப்பக் குடுத்துருதேன்."

டெக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் நாங்கள்தான். அப்பா தண்டால் எடுப்பதை நிறுத்திவிட்டு, கொல்லையில் உலாத்திக்கொண்டே கேள்வி யோசிக்க ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து காதைக் கொடுக்காதது போல இருப்பாள். யாருக்குத் துடுப்பு என்று பார்க்கவே சனம் வந்தது. சில ஊர்களில் அவள் கொடுத்தாள். சில ஊர்களில் கொடுக்கவில்லை. எங்கே கொடுப்பாள், எங்கே மாட்டாள் என்று மேடையில் நிற்கும் அப்பாவுக்கே தெரியாது.

பிறகு எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து எந்த மேடைக்கும் நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதில்லை.